சாப்பிடாத இரண்டு பேர்

நேரில் நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவளைப் பற்றிச் சொல்லும்போது ஐடெல்லா என்று சொன்னால்தான், அவள் என் அண்ணனுடைய மனைவி மட்டும் இல்லை என்பது எனக்கே ஞாபகம் இருக்கும். ஐடெல்லா மிக்சன். எங்கள் ரிட்ஜ்லேண்ட் பக்கத்தில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள். பள்ளிப் பேருந்தில் தன் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு தகர டப்பா வைத்திருப்பாள். வெறும் வயிற்றோடு ஏறுகிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் சுட்ட ரொட்டி ஒன்று வெண்ணெயோடு கைமாறும். பேருந்தில் சாப்பிடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததும் அவள் தலைக்கு மேலேதான்.

பிறந்த வீட்டிலும் அவளுக்கு இதே வேலைதான். அப்பா இறால் படகில் போய்விடுவார். அம்மா கரையில் இறாலுக்குத் தலை கிள்ளப் போய்விடுவாள். கீழே இருந்த தம்பி தங்கைகள் அத்தனை பேருக்கும் இவள்தான் ஊட்டினாள். "மூத்தவளாப் பொறந்தா நம்ம கை எப்பவும் அடுத்தவன் வாயிலதான் இருக்கும், நெட்டி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

இங்கே வசந்தம் வந்தால் ஆண்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். பைன் காட்டுக்குள் இடிந்து கிடக்கிற பழைய வீடுகளின் கூரைத் தகரத்தைப் புரட்டிக்கொண்டு திரிவார்கள். அடியில் சோளப்பாம்பு சுருண்டு கிடக்கும். செம்மண் நிற உடம்பு, முதுகில் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் திட்டுகள். விஷம் கிடையாது. என் அண்ணன் வெண்டல் ஐடெல்லாவை முதன்முதலில் வெளியே கூட்டிப்போனதே தகரம் புரட்டத்தான். மற்ற பெண்களை மற்ற ஆண்கள் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். இவள் லாரிக் கூரையின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அலறியிருக்கிறாள். பாம்பென்றால் படையே நடுங்கும், இவள் எம்மாத்திரம். அப்புறம் எப்படி அவனைக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டால், "சாப்பிட்டியான்னு என்னைக் கேட்ட மொத ஆளு அவன்தான்" என்பாள்.

வெண்டலுக்கு வேலை, மின்கம்பியில் உரசுகிற மரக்கிளைகளை வெட்டுவது. பாம்பு வளர்ப்பது ஆசைக்கு. பின்னறையில் அடுக்கடுக்காகப் பெட்டிகள் வைத்தான். பாம்புகள் முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. அப்போதுதான் தெரிந்தது, வெண்டல் ஐயாவின் கைக்கு அந்த வேலை ஒத்துவராது என்று. குட்டி ஒரு பென்சில் தடிமன்தான் இருக்கும். அதற்குக் கொடுக்கிற எலிக்குஞ்சு இன்னும் மயிர் முளைக்காதது, இளஞ்சிவப்பாக, நம் சுண்டுவிரல் நுனி அளவு. அதை இடுக்கியில் பிடித்து, குட்டியின் மூக்குக்கு முன்னால் உயிருள்ளது போல மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். வெண்டல் அசைத்தால் குட்டி பயந்து பெட்டியின் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐடெல்லா அசைத்தால் கவ்விக்கொள்ளும். அன்று பிடித்த இடுக்கியை அவள் கீழே வைக்கவே இல்லை.

எங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் நடக்கிற பாம்புச் சந்தையில் எல்லோரும் "வெண்டல் பாம்பு" என்றுதான் சொல்வார்கள். பேர் அவனுக்கு, பாடு இவளுக்கு. முதல் சட்டை உரித்த பிறகுதான் முதல் சாப்பாடு. பிறகு ஐந்தாறு நாளைக்கு ஒரு எலிக்குஞ்சு. உறைபெட்டியிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, உள்ளே பனிக்கட்டி இல்லை என்று விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குட்டி பருக்கப் பருக்க எலியும் பருக்கலாம். அவசரப்பட்டுப் பெரிய எலியாகக் கொடுத்தால் கக்கிவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது, தொட்டாலும் கக்கிவிடும். ஒரு தடவை கக்கின குட்டியைத் தேற்றுவது கல்லிலே நார் உரிக்கிற வேலை. "பட்டினியால சாகறதவிடக் கக்கிச் சாகறதுதான் அதிகம். சாப்பிட்டதத் தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்கூட எனக்கு அவ்வளவு மனப்பாடம் இல்லை.

போன ஈஸ்டர் முடிந்த வாரம் வெண்டல் முற்றத்தில் விழுந்தான். பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு குழறலாக இருந்தாலும் புரியும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முன்னறையில் ஒரு கட்டிலில் கிடந்தான். அதற்குள் பெண் பாம்புகள் எல்லாம் சினையாகியிருந்தன. முட்டை யாரைக் கேட்டு வருகிறது? ஐடெல்லாவே அவற்றை ஈரப் பாசியில் புதைத்து வைத்து, ஆகஸ்டில் பொரிக்கவும் வைத்தாள். பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கால் நீட்டி உட்காரலாம் என்று இருந்தவளுக்குக் கட்டிலில் ஒருவன், பெட்டிகளில் ஒரு பட்டாளம்.

குட்டிகள் சாப்பிட்டன. வெண்டல் சாப்பிடவில்லை.

ஒரு தடவை பட்டாணி தொண்டையில் சிக்கி அவன் நீலம் பாரித்துப்போனான். அதிலிருந்து எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. காடு மேடெல்லாம் அலைந்து, பொரித்த கோழியை எலும்போடு கடித்தவன். அவனுக்குக் கழுத்தில் துண்டு கட்டிக் கரண்டியால் ஊட்டினால் எப்படி இருக்கும்? எனக்கும் புரியத்தான் செய்தது. ஆனால் எனக்குக் கோபமும் வந்தது. சாகிறது உன் உரிமைதான், ஆனால் அதைத் தினம் மூன்று வேளை அவள் கண் முன்னால் செய்ய வேண்டுமா?

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஷெரில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "இப்படியே இறங்கிட்டே போனாருன்னா டாக்டர் வயித்துல குழாய் வெக்கணும்பாரு, மிஸ் ஐடெல்லா. வேண்டாம்னா, அப்புறம் நம்ம கையில இல்ல."

வெண்டல் கட்டிலிலிருந்தே பதில் சொன்னான். "குழாய் வேண்டாம். வாயைப் பொளந்து திணிச்சா அதுக்குப் பேரு சாப்பாடு இல்ல."

குட்டிகளுக்கும் அவன் அதைத்தான் சொல்வான். சிலர் சாப்பிடாத குட்டியின் வாயை நெம்பித் திறந்து எலித்தலையை உள்ளே தள்ளுவார்கள். அவன் வீட்டில் அது நடந்ததில்லை. தானாகச் சாப்பிட்டால் பிழைக்கும், இல்லையென்றால் போகும். அந்த வருஷமும் ஒரு குட்டி சாப்பிடாமல் இருந்தது. கூடப் பொரிந்ததெல்லாம் இரண்டாவது சட்டை உரிக்கப் போகிறது, இது முதல் வாய்கூட வைக்கவில்லை.

நானும் தினம் ஒத்தாசைக்குப் போய்வந்தேன். ஒரு நாள் காலை ஐடெல்லா மக்காச்சோளக் கூழ்க் கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"ஒரே ஒரு வாய், வெண்டல்."

"வேண்டாம்."

"வெண்ணெய் போட்டிருக்கேன். சீஸும் போட்டிருக்கேன்."

"தெரியுது. மூக்கு இன்னும் சாகல."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"அந்தக் குட்டி சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"அது சாப்பிட்ட அன்னிக்கு வா. நானும் சாப்பிடறேன்."

அவளைத் துரத்துவதற்குச் சொன்னது அது. அவன் சின்ன வயதில் என்னையும் இப்படித்தான் துரத்துவான், கோழி பாடட்டும் நான் உன்னோடு விளையாட வருகிறேன் என்று. நான் சமையலறையில் அவளிடம் அதையே சொன்னேன்.

"அண்ணி, அவன் உங்களை அனுப்பறதுக்குச் சொன்னான். அதப் போயி..."

"சொன்னான்ல? சொன்னது சொன்னதுதான்."

"அந்தப் புழு சாப்பிடறதுக்குள்ள இவன் போய்ச் சேந்துடுவான்."

"அப்படின்னா அத சீக்கிரம் சாப்பிட வெக்கணும்" என்றாள். உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடித் திறந்துவிட்டு எழுந்து போனாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததுக்கு நம்பிக்கை என்று பேர் சொல்ல முடியாது. அடுத்த வேலை எது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தெரிந்த வித்தை எல்லாம் செய்தாள். எலிக்குஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவி வாசனை போக்கிக் கொடுத்தாள். அதன் தலையைக் கீறி மூளை கசிய வைத்துக் கொடுத்தாள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் குட்டியையும் எலியையும் சேர்த்து மூடி, இருட்டான அலமாரியில் வைத்தாள். காலையில் திறந்தால் எலி ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம், பேசாத சம்பந்திகள் மாதிரி கிடக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த எலியைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கூழ்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போவாள். அதையும் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். குட்டிக்கு முதுகெலும்பு துருத்த ஆரம்பித்திருந்தது. வெண்டலுக்குக் கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

கடைசியில் மிச்சம் இருந்தது ஓணான் வித்தை. காட்டில் பிறக்கிற குட்டி முதலில் தின்பது எலி அல்ல, சின்னப் பச்சை ஓணான்தான். அந்த வாசனைக்குத்தான் அதன் மூக்கு பிறந்திருக்கிறது. ஓணானைப் பிடித்து எலிக்குஞ்சின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டால் சில குட்டிகள் ஏமாந்து சாப்பிட்டுவிடும். எங்கள் ஊரில் ஓணானுக்குப் பஞ்சமில்லை. பிடிக்கத்தான் ஆள் வேண்டும். அறுபது தாண்டிய இரண்டு பெண்கள், ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்கு முதுகு வலி, வாசல் கம்பிவலையில் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"பாஸ்டர் காரு போகுது அண்ணி. நம்மளத்தான் பாக்கறாரு."

"பாக்கட்டும். எறங்கி வந்து ஒண்ணு புடிச்சுக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

"அடுத்த வாரம் பிரசங்கமே நம்மளப் பத்தித்தான்."

"நெட்டி, வாயைக் குறைச்சுட்டுக் கையை நீட்டுடி. அதோ, உன் மூக்குக்கு நேரா ஒக்காந்திருக்கு."

பிடித்தோம். தேய்த்தோம். ஓணானைச் செடியில் விட்டோம், அது எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை நான் அடுப்பில் கூழ் கிளறிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஐடெல்லா என் பேரைச் சொன்னாள். சத்தம் போடவில்லை. பேர் மட்டும் சொன்னாள். போய்ப் பார்த்தால் கிண்ணத்தில் எலி இல்லை. குட்டியின் வயிற்றில் ஒரு சின்னப் புடைப்பு.

அடுத்து அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆயிரம் பேருக்குத் தூக்காதே தூக்காதே என்று சொன்னவள், குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எத்தனை வாரமாகத் தூங்காத யானை அது. நானும் கூழை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், தடுக்கத் தோன்றவில்லை.

"பாரு வெண்டல், பாரு. சாப்பிட்டுடுச்சு."

அவன் பார்த்தான். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் அவனுக்கு, அந்தப் பக்கம் சிரித்தது. "சரி" என்றான். "கொண்டா."

நான் கரண்டியை அவன் உதட்டுக்குக் கொண்டுபோன நேரம், ஐடெல்லாவின் கையில் குட்டி வாயை அகட்டியது. உடம்பை நெளித்து நெளித்து, விழுங்கின எலியைப் போர்வை மேல் கக்கிற்று. நனைந்த பஞ்சு மாதிரி அது அங்கே கிடந்தது.

"எதுக்கு டெல்லா தூக்கின?" என்றான் வெண்டல். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவன் வாய் மூடிக்கொண்டது. நான் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன்.

கக்கின குட்டிக்கு இரண்டு வாரம் எதுவும் கொடுக்கக்கூடாது, வயிறு ஆற வேண்டும். இதற்கு அவ்வளவு தாங்கும் சதை உடம்பில் இல்லை. ஐடெல்லா தினமும் பெட்டியைத் திறந்து தண்ணீர் மாற்றினாள், மூடினாள். ஒரு காலை அது தண்ணீர்த் தட்டின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. காப்பித்தூள் டப்பா ஒன்றில் போட்டு, அசேலியாப் பூச்செடிக்கு அடியில் அவளே குழி தோண்டிப் புதைத்தாள். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

"நான்தான் கொன்னேன், நெட்டி."

"ஒரு பாம்பு போச்சு. விடுங்க அண்ணி. உள்ள இன்னும் எத்தனை கெடக்கு."

"பாம்பு போனதுக்கா அழறேன்?" என்றாள்.

ஷெரில் மறுநாள் வருவதாக இருந்தது. வெண்டல் அந்த வாரம் முழுக்கச் சர்க்கரை போட்ட தேநீரைத் தவிர எதையும் தொண்டையில் இறக்கவில்லை. காலையில் நான் போனபோது ஐடெல்லா பின்னறையில் ஒரு பெட்டியை வெளியே இழுத்து வைத்திருந்தாள். உள்ளே வேறொரு குட்டி. செத்ததன் கூடப் பிறந்தது, நன்றாகத் தின்று வளர்ந்தது, முந்தின நாள் சாப்பிட்ட எலி வயிற்றில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணி. கண்டுபுடிச்சுடுவான். பெட்டியில நம்பர்கூட ஒட்டாதவன் அவன். முதுகுத் திட்டைப் பாத்தே எது யாரு புள்ளன்னு சொல்லுவான்."

"பக்கவாதம் வந்த கண்ணு. மங்கலாத்தான் தெரியும்."

"கூழுல நீங்க முட்டை கலந்தத அங்கேர்ந்தே பாத்துச் சொன்ன கண்ணு அது."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வேற வழி தெரியல, நெட்டி. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, அதையும் செய்யறேன்."

நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

பெட்டியை மூடியபடியே கொண்டுபோனாள். கண்ணாடி போன்ற மூடி, உள்ளே குட்டி சுருண்டிருந்தது தெரியும். அவன் நெஞ்சுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். அவள் சாய்த்ததில் பெட்டிக்குள் மரத்தூள் சரிந்தது.

"இன்னொரு தடவ குடுத்தேன். சாப்பிட்டுச்சு" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். கண்ணைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள்.

வெண்டல் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் பார்வை குட்டியின் கழுத்திலிருந்து வால் வரைக்கும் திட்டுத் திட்டாக இறங்கியது. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பிறகு பார்வை பெட்டியை விட்டு அவளிடம் போயிற்று. வாரம் முழுக்க மாற்றாத சட்டை, பின்னால் முடிந்து பாதி அவிழ்ந்த நரைமுடி, நகக்கண்ணில் மண்.

"ஆமா" என்றான். "சாப்பிட்டிருக்கு."

"தூக்கிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். தொடாத. அப்படியே இருக்கட்டும்." வலது கையால் கழுத்துத் துண்டைத் தானே மேலே இழுத்துக்கொண்டான். "எங்க உன் கூழு?"

கிண்ணத்தில் பாதி போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் அவன் தாடை எவ்வளவு பாடுபடுகிறது என்று தெரிந்தது. நடுவில் ஒரு தடவை இருமினான், ஐடெல்லா கரண்டியை நிறுத்தினாள், அவன் தலையசைத்து மறுபடி வாயைத் திறந்தான். உப்பு கம்மி என்று குறை வேறு சொன்னான். அவள் கிண்ணத்தைக் கழுவப் போனவள், சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்து, குழாயை மூடக்கூட மறந்து தூங்கிவிட்டாள். நான் குழாயை மூடிவிட்டு, ஈரத்துணியோடு வெண்டலின் முகவாயைத் துடைக்க வந்தேன்.

"எங்க பொதைச்சா?" என்றான்.

"எதை?"

"நெட்டி. எனக்குக் கைதான் போச்சு."

"அசேலியாச் செடிக்கு அடியில" என்றேன். "தெரிஞ்சுமா சாப்பிட்ட?"

அவனுக்கு வார்த்தை கோத்து வர நேரம் பிடிக்கும். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனாவது அவ கையால சாப்பிடணும்ல" என்றான். பிறகு சமையலறைப் பக்கம் தலையைத் திருப்ப முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். "மதியத்துக்கு என்னன்னு கேளு. இப்பக் கேக்காத. தூங்கட்டும்."